வீட்டுக்காரர் வாயைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா?

(ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத் தம்பதியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

குடும்பநலக் கூட்டம் என்றால் என்ன பேசுவார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். பிள்ளைக்கும் பிள்ளைக்கும் இடைவெளி, தடுப்பூசி, கர்ப்பிணிக்குச் சத்தான ஆகாரம். அதையெல்லாம் கிராம சுகாதாரச் செவிலியர் உங்களுக்குச் சொல்லியிருக்கிறார், இன்னும் சொல்வார். இன்றைக்கு நான் பேச வந்தது வாயைப் பற்றி. சாப்பிடுகிற வாய், பேசுகிற வாய், பிள்ளையை முத்தமிடுகிற வாய். அந்த வாயிலும் அதற்குப் பின்னால் இருக்கிற தொண்டையிலும் வரக்கூடிய புற்றுநோயைப் பற்றி.

"அது வயசானவங்களுக்கு வர்ற வியாதி ஆச்சே, சின்னஞ்சிறுசுகளைக் கூட்டி வச்சு எதுக்குப் பேசுறாரு?" என்று ஒரு பாட்டி இப்போது நினைப்பார். நியாயமான கேள்விதான். இன்றைக்கும் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே இது அதிகம் வருகிறது. ஆனால் முப்பதுகளில், சில சமயம் இருபதுகளிலேயே, கைக்குழந்தையோடு இருக்கிற தகப்பன்மாரும் இந்த நோயோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். 2022-ஆம் ஆண்டுக்கு எடுத்த உலகக் கணக்கைப் பாருங்கள். உதட்டிலும் வாயிலும் புதிதாகப் புற்றுநோய் கண்டவர்கள் உலகம் முழுவதிலும் சுமார் 3 லட்சத்து 89 ஆயிரம் பேர். அதில் 1 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நம் நாட்டுக்காரர்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நம்முடையது. நம் நாட்டு ஆண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் முதலிடம் இதற்குத்தான்.

ஒரு வீட்டை மனசில் நினைத்துக்கொள்ளுங்கள். இது குறிப்பிட்ட யார் வீட்டுக் கதையும் அல்ல. ஆனாலும் கேட்கிறபோது உங்களில் சிலர் பக்கத்தில் இருப்பவரை ஒரு தடவை திரும்பிப் பார்ப்பீர்கள்.

அந்த வீட்டுக்காரருக்கு வயது 28. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை. மாதத்தில் பாதி நாள் ராத்திரி ஷிப்டு. பஞ்சு கிடக்கிற இடத்தில் தீக்குச்சி கிழிக்க முடியுமா? பீடிக்கு வழியில்லை. தூக்கம் கண்ணைக் கட்டும்போது பக்கத்து மிஷின்காரர் ஒரு சிட்டிகை நீட்டினார். அன்றைக்கு ஆரம்பித்தது. வலது கன்னத்தில் அதக்கிக்கொண்டால் விடிய விடியத் தூக்கம் வராது. சிவகாசிப் பக்கம் பட்டாசு வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதே நிலைதான்; நெருப்பு ஆகாத இடத்தில் பொயிலை நுழைந்துவிடுகிறது.

இப்போது சம்சாரம் கவனிக்கிறாள்.

"என்னங்க, முன்னெல்லாம் காரக்குழம்பை ஊத்தி ஊத்திச் சாப்பிடுவீங்க. இப்ப ரசத்துக்கே உஸ்ஸு உஸ்ஸுங்கிறீங்களே?"

"நீ மிளகாயைக் கொட்டியிருப்ப."

"பிள்ளைங்க அதே ரசத்தைத்தானே சாப்பிடுது!"

பதில் இல்லை. ஒரு மாதம் கழித்து மாம்பழத்தைக் கடித்துச் சாப்பிடாமல் கீற்றுப் போட்டுக் கேட்கிறார். கொட்டாவி விட்டால் முழுசாகத் திறக்க மாட்டேன் என்கிறது. "வேலை அலுப்பு" என்கிறார். வலி இல்லை. வலி இல்லாததால் வியாதியும் இல்லை என்று இரண்டு பேரும் இருந்துவிடுகிறார்கள்.

இங்கேதான் நான் உங்களை நிறுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்த மனிதருக்குப் புற்றுநோய் வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. அதற்கு முந்தின படியில் நிற்கிறார். பாக்கில் உள்ள சத்து, கன்னத்தின் உள்தோலுக்கு அடியில் இருக்கிற மெத்தென்ற சதையை நார் நாராக மாற்றுகிறது. நம் சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டுகிற துணி நெய்கிறார்களே, அது எவ்வளவு மென்மையானது! அதே துணிக்குக் கெட்டியாகக் கஞ்சி போட்டுக் காயவைத்தால் எப்படி விறைத்து நிற்கும்? கன்னம் அப்படி விறைக்கிறது. துணியிலிருந்து கஞ்சியை அலசி எடுத்துவிடலாம். கன்னத்திலிருந்து எடுக்க முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவைக் கொடுத்தால் சுகமாகச் சாப்பிடுவார், ஊறுகாயை நாக்கில் வைத்தால் தீயாக எரியும். இந்த நிலைமை வந்தவர்களில் ஒரு பகுதியினருக்குப் பிற்பாடு அதே இடத்தில் புற்றுநோய் வருகிறது. யாருக்கு வரும், யாருக்கு வராது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத காரணத்தால் எல்லோரையும் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

பொயிலையும் பாக்கும் இந்தக் கேட்டைச் செய்கிறது என்பது இன்று நேற்றுக் கண்டுபிடித்த விஷயம் அல்ல. நமக்குத் தெற்கே, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நெய்யூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அன்றைக்கு அது திருவிதாங்கூர் ராஜ்யம். அங்கே மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் ஆர் என்பவர் வெற்றிலை பாக்கு மெல்லுகிறவர்களுக்கு வரும் வாய்ப் புற்றுநோயைப் பற்றி 1933-ஆம் ஆண்டிலேயே 'லான்செட்' என்னும் மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். அதற்கு இப்போது தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பிறகு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, புகையிலை சேர்த்த வெற்றிலை பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று 1985-இல் அறிவித்தது. புகையிலையே சேராத வெற்றிலை பாக்கும், வெறும் பாக்கும்கூட அப்படித்தான் என்று 2004-இல் வெளியான அறிக்கையில் சொன்னது. ஆகவே "பொயிலையை விட்டுட்டேன் சார், இப்ப வெறும் பாக்குதான்" என்று யாராவது சொன்னால், அவர் ஆற்றைத் தாண்டிக் கிணற்றில் இறங்கியிருக்கிறார்.

தாம்பூலத்தை நான் குறை சொல்ல வரவில்லை. நிச்சயதார்த்தத்தில் வெற்றிலை பாக்கு மாற்றாமல் நம்மில் யாருக்குக் கல்யாணம் நடந்தது? தட்டில் வைத்துக் கொடுப்பது வேறு, கன்னத்தில் வைத்து நாள் முழுக்க ஊறவைப்பது வேறு. அதிலும் ராத்திரி படுக்கும்போது அதக்கிக்கொண்டு தூங்குவது மிகவும் பொல்லாத பழக்கம்.

இளவயதில் ஏன் வருகிறது என்று கேட்டால், எனக்குத் தோன்றுகிற முக்கியமான காரணம் ஆரம்பிக்கிற வயதுதான். நம் தாத்தாமார் வெற்றிலையை நரம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, பாக்கை வெட்டி, அதற்கென்று ஒரு நேரம் ஒதுக்கி மென்றார்கள். இன்றைக்குப் பதின்மூன்று, பதினாலு வயதில் பையன் உதட்டுக்குள் ஒரு சின்னப் பொட்டலத்தைச் செருகிக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். ஹான்ஸ் என்றும் கூல் லிப் என்றும் நீங்கள் கேள்விப்படுகிறீர்களே, எல்லாம் புகையிலைதான். பள்ளிப் பிள்ளைகளிடம் இது பரவுவதைக் குறித்து 2024-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையே கவலை தெரிவித்தது. குட்கா, பான் மசாலாவை நம் மாநில அரசு 2013-இல் தடை செய்தது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் புகையிலைப் பொருள் எதையும் விற்கக் கூடாது என்று 2003-ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது. சட்டம் இருக்கட்டும்; "டேய், பெட்டிக்கடையிலே அப்பாவுக்கு ஒண்ணு வாங்கிட்டு வா" என்று பிள்ளை கையில் காசு கொடுத்து அனுப்புவது யார்? பையன் பதினாலில் ஆரம்பித்தால் இருபத்தெட்டாவது வயதில் அவனுக்குப் பதினாலு வருஷச் சரக்கு உள்ளே போயிருக்கிறது. பொட்டலத்தில் வருகிற உலர்ந்த பாக்குத்தூள் வெற்றிலைச் சுருளைவிட வேகமாகக் கன்னத்தை விறைக்க வைக்கிறது. இதோடு பீடி சிகரெட்டும் சாராய வகையும் சேர்ந்துவிட்டால், ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று கூட்டிக்கொண்டு போகாது, பெருக்கிக்கொண்டு போகும்.

பெண்களை நான் மறந்துவிடவில்லை. பல்வலி என்று ஒரு துணுக்கு வைத்து ஆரம்பித்தவர்கள், மசக்கையில் குமட்டல் நிற்கும் என்று யாரோ சொல்லி ஆரம்பித்தவர்கள், புகையிலைத் தூளால் பல் விளக்குகிறவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கக்கூடும். கர்ப்ப காலத்தில் புகையிலை போட்டால் குழந்தை எடை குறைந்து பிறக்கும். அபாயம் தாயோடு நிற்பதில்லை.

சரி, பயமுறுத்தியது போதும். ஒரு நல்ல செய்தி சொல்கிறேன். ஈரலில் ஒரு கட்டி இருந்தால் அதைப் பார்க்க மிஷின் வேண்டும். வாயைப் பார்க்க வெளிச்சமும் இரண்டு கண்ணும் போதும். திருவனந்தபுரம் பக்கத்தில் 13 பஞ்சாயத்துகளில் 1996 முதல் ஒரு பெரிய ஆராய்ச்சி நடத்தினார்கள். சில பஞ்சாயத்துகளில், பயிற்சி கொடுத்த சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் 35 வயதுக்கு மேற்பட்டவர்களின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். அவர்கள் டாக்டர்கள் அல்ல. மற்றப் பஞ்சாயத்துகளில் அப்படிப் பார்க்கவில்லை. 2005-இல் முடிவு வெளியானது. புகையிலையோ குடியோ பழக்கம் உள்ளவர்களில், பார்த்த ஊர்களில் வாய்ப் புற்றுநோய்ச் சாவு மற்ற ஊர்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. வெறும் கண்ணால் பார்த்ததற்கு இந்தப் பலன்!

அந்த ஆராய்ச்சி 35 வயதில் ஆரம்பித்தது. 2016-இல் மத்திய அரசு வகுத்த வழிமுறை 30 வயதிலிருந்து வாய்ப் பரிசோதனை செய்யச் சொல்கிறது. நம் வீட்டுக்காரருக்கோ வயது 28. அவர் காத்திருக்கலாமா? அதனால்தான் தம்பதிகளைக் கூப்பிட்டு இதைச் சொல்கிறேன். உங்கள் வாயின் மூலை முடுக்கெல்லாம் உங்களுக்கே தெரியாது. எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். மனைவி வாயைக் கணவனும், கணவன் வாயை மனைவியும் மாதம் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சம்பளத் தேதி என்று வைத்துக்கொண்டால் மறக்காது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தலையில் பேன் பார்க்கவில்லையா?

எப்படிப் பார்ப்பது? காலை வெளிச்சத்தில் வாசற்படியில் உட்கார வையுங்கள். செல்போன் விளக்கும் நன்றாக உதவும். வாயில் இருப்பதைத் துப்பச் சொல்லி நன்றாகக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கையைக் கழுவிக்கொள்ளுங்கள். முதலில் உதட்டை மேலும் கீழுமாகப் புரட்டிப் பாருங்கள். பிறகு ஒரு ஸ்பூன் காம்பால் கன்னத்தை விலக்கி உள்பக்கம், ஈறு, ஈறும் கன்னமும் சேருகிற பள்ளம். பொயிலை வைக்கிற பக்கத்தைக் கூடுதல் நேரம் பாருங்கள். நாக்கை நீட்டச் சொல்லிச் சுத்தமான துணியால் நுனியைப் பிடித்து, இந்த ஓரம், அந்த ஓரம். நாக்கின் ஓரம் ரொம்ப முக்கியம். இளவயதுக்காரர்களுக்கு அங்கே வருவதுண்டு. நாக்கைத் தூக்கச் சொல்லி அடிப்பக்கம். தலையை அண்ணாந்து மேலண்ணம். "ஆ" சொல்லச் சொல்லி உள்நாக்கும் அதன் இரு பக்கமும். கடைசியாகத் தாடைக்குக் கீழேயும் கழுத்தின் இரு பக்கத்திலும் விரலால் தடவிக் கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவருடைய மூன்று விரலை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தி, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் நுழைகிறதா என்றும் பாருங்கள். நுழையாவிட்டால் கன்னம் விறைக்கத் தொடங்கியிருக்கலாம்.

என்ன தெரிந்தால் கவலைப்பட வேண்டும்? துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு. வெல்வெட்டுத் துணி மாதிரிச் சிவந்த திட்டு. இது வெள்ளையைவிட அதிகக் கவனத்துக்குரியது. தடித்த இடம், காரணமில்லாமல் ரத்தம் கசிகிற இடம், நல்ல பல் தானாக ஆடுவது, ஒரு இடம் மட்டும் மரத்துப் போவது. எல்லாவற்றுக்கும் மேலே, ஆறாத புண்.

புண் என்றதும் "உஷ்ணம்" என்பீர்கள். மணத்தக்காளிக் கீரை சாப்பிடச் சொல்வீர்கள். தாராளமாகச் சாப்பிடுங்கள், அது நல்ல கீரை. ஆனால் நாளையும் எண்ணுங்கள். சாதாரண வாய்ப்புண் வலிக்கும். ஒரு வாரம் பத்து நாளில் ஆறிவிடும். புற்றுப் புண் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது, ஆறவும் ஆறாது. இரண்டு வாரம் தாண்டிய புண், வலித்தாலும் வலிக்காவிட்டாலும், டாக்டர் பார்த்தே ஆகவேண்டும். காலண்டரில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு வையுங்கள். கூரான பல் குத்திப் புண் ஆகியிருந்தால் பல் டாக்டர் அதை மழுக்கிவிடுவார். அப்படி மழுக்கியும் இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றால் மறுபடி போய்க் காட்டுங்கள்.

தொண்டை கண்ணுக்குத் தெரியாது. அதைக் காதால் கண்டுபிடிக்க வேண்டும். வீட்டுக்காரர் குரல் மூன்று வாரமாகக் கரகரக்கிறதா? சளி இல்லாமலே அப்படியா? சோறு விழுங்கும்போது ஏதோ அடைக்கிற மாதிரி இருக்கிறது என்கிறாரா? ஒரு பக்கக் காது மட்டும் வலிக்கிறது, காதில் ஒன்றும் இல்லை என்கிறார்களா? கழுத்தில் வலியில்லாத கட்டியா? காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போக வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். எந்தப் பழக்கமும் இல்லாத இளைஞருக்கும் இளம்பெண்ணுக்கும் நாக்கிலோ தொண்டையிலோ இந்த நோய் வருவது உண்டு. பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவருகிற அதே வைரஸ் கிருமி தொண்டைப் பகுதியிலும் சிலருக்குப் புற்றுநோயை உண்டாக்குகிறது. மேல்நாடுகளில் இது அதிகம். ஆகவே "எங்க வீட்டுல வெத்தலை வாசனையே கிடையாது" என்று சொல்லிச் சும்மா இருந்துவிட வேண்டாம். வந்தவரைப் பார்த்து "என்னென்ன போட்டானோ" என்று ஊர் பேசுவதும் வேண்டாம். இது ஒட்டுவாரொட்டி அல்ல. ஒரே தட்டில் சாப்பிடலாம், பிள்ளையைக் கொஞ்சலாம்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்த இடத்திலிருந்து கடுகளவு சதை எடுத்துப் பரிசோதிப்பார்கள். இங்கேதான் நம் ஜனங்கள் பின்வாங்குகிறார்கள். "கத்தி பட்டா பரவிடும்" என்று யாராவது ஒரு மாமா சொல்லிவிடுவார். வீட்டுக்குத் திரும்பி வந்து ஆறு மாதம் பச்சிலை கட்டுகிறார்கள். அந்த ஆறு மாதத்தில் நோய் கழுத்துக்கு இறங்கிவிடுகிறது. பிறகு பரவியதற்குப் பழி கத்தி மேல்! உண்மையில் பரவவிட்டது தாமதம். அந்தக் கடுகளவு சதையைப் பார்க்காமல் எந்த டாக்டராலும் இது புற்றுநோய்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பல சமயம் "இல்லை" என்ற நல்ல பதிலும் அதிலிருந்துதான் வருகிறது. சின்னதாக இருக்கும்போதே கண்டு அறுவைச் சிகிச்சை செய்தால் பத்தில் ஏழெட்டுப் பேர் ஐந்து வருஷம் தாண்டியும் நன்றாக இருக்கிறார்கள். முற்றிய பிறகு வந்தால் தாடை எலும்பை எடுக்க வேண்டியிருக்கும், கதிர்ச் சிகிச்சை வேண்டியிருக்கும், அப்புறமும் பிழைப்பு உறுதியில்லை.

எங்கே போவது? முதலில் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கிருந்து ராஜபாளையம் அல்லது ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனை. அதற்கு மேலே விருதுநகரில் 2022-இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனை. சென்னை அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கிறது. முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறவர்கள் அதையும் ரேஷன் கார்டையும் ஆதாரையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். அட்டை இல்லாதவர்கள் நோய் வருவதற்கு முன்னாலேயே எடுத்துவிடுங்கள். மில்லில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் அந்த வழியிலும் சிகிச்சை உண்டு.

பழக்கத்தை விடுவது பற்றி இரண்டு வார்த்தை. கணவன் முன்னால் நின்று அழுதோ சண்டை போட்டோ விடவைத்த மனைவியை நான் அதிகம் பார்த்ததில்லை. கூடவே நாள் எண்ணிய மனைவியைப் பார்த்திருக்கிறேன். முதல் இரண்டு வாரம் மனுஷன் எரிந்து விழுவார், தலைவலி என்பார், தூக்கம் வராது. அது பொயிலை வெளியே போகிற சத்தம் என்று நினைத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆசை எழும்புகிறபோது சில நிமிஷம்தான் நிற்கும். அந்த நேரத்துக்கு ஏலக்காய், சோம்பு, உலர்ந்த நெல்லிக்காய் ஏதாவது மடியில் இருக்கட்டும். பாக்கு மட்டும் வேண்டாம், இனிப்புப் பாக்கும் வேண்டாம். புகையிலைப் பாக்கெட்டின் மேலேயே ஓர் எண் அச்சிட்டிருக்கிறார்கள்: 1800-11-2356. காசில்லாமல் பேசலாம், எப்படி விடுவது என்று ஆலோசனை சொல்வார்கள். புகைபிடிப்பதை விட்டவர்களுக்கு ஐந்து முதல் பத்து வருஷத்தில் வாய், தொண்டைப் புற்றுநோயின் கூடுதல் அபாயம் பாதியாகக் குறைகிறது. கன்னம் ஏற்கெனவே விறைத்துவிட்டவர்கள், பழக்கத்தை விட்ட பிறகும் டாக்டர் சொல்கிற கெடுவில் வந்து காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்போது பின்னால் உள்ள அறையில் பல் டாக்டர் அம்மா விளக்கோடு காத்திருக்கிறார்கள். தனியாக வராமல் ஜோடியாக வாருங்கள். ஒருவர் வாயை டாக்டர் பார்க்கும்போது மற்றவர் பக்கத்தில் நின்று எப்படிப் பார்க்கிறார்கள் என்று கற்றுக்கொள்ளலாம். வேப்பமரத்தடியில் வாளியும் செம்பும் வைத்திருக்கிறது. கன்னத்தில் இருப்பதை அங்கே துப்பிக் கொப்பளித்துவிட்டு வரிசைக்கு வாருங்கள்.